இலக்கியம்பட்டியிலிருந்து ஒரு மனு: மன்னிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கலாம்?

தருமபுரியில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் கையில் ஒரு பக்க மனுவைக் கொடுக்க வேண்டும். தண்டனை பெற்ற ஒருவரை மன்னிக்கவும், தண்டனையைக் குறைக்கவும், முன்கூட்டியே விடுவிக்கவும் ஆட்சியாளர்களுக்கு இருக்கும் அதிகாரம் இனி எந்த வழியில் நடக்க வேண்டும் என்று அதில் கேட்கப் போகிறோம். நான்கு யோசனைகள் வந்தன. நான்கையும் எடைபோட்டு எழுதித் தரும் வேலை, வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால், என்னிடம் வந்தது.

இந்தக் கவலை எங்கள் ஊருக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை என்ற தீர்ப்பு வந்தது. அன்றே இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் இருந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவியர் எரிந்து இறந்தார்கள். அப்போது நான் அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். பஸ்கள் நின்றுவிட்டன. வெளியூர்ப் பிள்ளைகள் பதினொரு பேரைப் பள்ளியிலேயே இருத்திக்கொண்டு, ஒவ்வொருவரின் அப்பாவோ மாமாவோ சைக்கிளில் வந்து அழைத்துப் போகும் வரை இருட்டில் வாசலில் நின்றேன். கடைசிப் பெண் போகும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவர்கள் எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். அந்த மூன்று பேர் சேரவில்லை.

2007இல் சேலம் நீதிமன்றம் அ.தி.மு.க.வைச் சேர்ந்த மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. பிறகு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அதை மறுபடி ஆராய்ந்தது. கும்பல் வெறியில் நடந்த செயல் இது, குறிப்பிட்ட யாரையும் கொல்லும் நோக்கம் இல்லை என்று கருதி ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய விடுதலைத் திட்டத்தின்கீழ், ஆளுநருக்கு மன்னிக்கும் அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்ததும் அதே கட்சி.

என் மனச்சாய்வை மறைக்க விரும்பவில்லை. யாரையும் தூக்கிலிட வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 2016 தீர்ப்பு எனக்கு நிம்மதியையே தந்தது. 2018 விடுதலை மட்டும் இன்றும் வலிக்கிறது. அந்த வலியே முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய யோசனையை முதலில் பார்த்துவிடுகிறேன். விதைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைச் சொன்னார்: “நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு ஆட்சியாளருக்கு அங்கே என்ன வேலை? அதிகாரத்தையே எடுத்துவிடுங்கள்.” அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தீர்ப்பு, குற்றம் நடந்த நாளைப் பார்க்கிறது. இருபது ஆண்டு கழித்து அந்தச் சிறை அறையில் இருப்பவர் யார் என்பதை அது பார்ப்பதில்லை. நீதிமன்றங்களும் தவறும். 1953இல் லண்டனில் டெரெக் பென்ட்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் தூக்கிலிடப்பட்டார். போலீஸ்காரரைச் சுட்டது அவர் அல்லர். அவருடன் போன பதினாறு வயதுச் சிறுவன். நடுவர் குழுவே கருணை காட்டும்படி பரிந்துரைத்தது. உள்துறை அமைச்சர் மறுத்துவிட்டார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தபோது, பென்ட்லி இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கருணை என்ற கடைசிக் கதவு இருந்தும் திறக்கப்படாததால் போன உயிர் அது. அந்தக் கதவையே சுவராக்கச் சொல்ல என்னால் முடியாது.

நம்மிடத்திலும் இது புதிய கதவு அல்ல. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் ஆணையிட்டபோது, கோவூர்கிழார் அவன்முன் நின்று பாடிய பாட்டு புறநானூற்றில் 46ஆவதாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த மிகப் பழைய தமிழ்க் கருணை மனு அதுதான். புறாவுக்காகத் துயர் ஏற்றவனின் மரபு உன்னுடையது என்று அரசனுக்கு நினைவூட்டுகிறார். புலவருக்குப் பகிர்ந்து உண்டவர் மரபு இவர்களுடையது என்கிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, பழக்கமில்லாத சபையை மருண்டு பார்க்கும் குழந்தைகளைக் காட்டுகிறார். எல்லாம் சபையறிய, காரணத்தோடு. ஆனால் முடிவில் அவரும் வேறு வழியின்றி, கேட்டாயல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்றுதான் நிறுத்துகிறார். அந்த ‘விரும்பியது’ என்ற சொல்லை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் மீதி மூன்று யோசனைகளுக்கும் இடையிலான சண்டை.

ஒருவரிடமே இருக்கட்டும் என்பது ஒரு யோசனை. குடியரசுத் தலைவரோ ஆளுநரோ, கட்சிக்கு அப்பாற்பட்ட ஒரு பெரியவர், தன் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கட்டும் என்கிறார்கள் எங்கள் வட்டத்தில் இருவர். இங்கிலாந்தில் மன்னிப்பு அரசரின் சொத்தாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் போருக்கு ஆள் தேவைப்பட்டதால், படையில் சேர்ந்த குற்றவாளிகளை முதலாம் எட்வர்டு மன்னித்தார். 1679இல் தன் அமைச்சர் டான்பி மீது நாடாளுமன்றம் குற்றம் சாட்டி விசாரிக்க முனைந்தபோது, இரண்டாம் சார்லஸ் அவருக்கு முன்னதாகவே மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். நாடாளுமன்றம் கொதித்தது. அத்தகைய விசாரணைக்கு அரச மன்னிப்பைக் கேடயமாகக் காட்ட முடியாது என்று 1701இல் சட்டமே வந்தது.

இந்த அதிகாரத்தை அமெரிக்கா அப்படியே எடுத்துத் தன் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. அதற்கு, அந்நாட்டு அரசமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாமில்டன் 1788இல் சொன்ன காரணம் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் ஒரு மனிதனின் உயிர் தன் பேனாவில் தொங்குகிறது என்ற பாரம் அவரை உறுத்தும். பலர் சேர்ந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் மனம் இறுகிப்போவார்கள் என்றார். அதே காலத்தில் ஜார்ஜ் மேசன் எதிர்க்கேள்வி கேட்டார்: தானே தூண்டிய குற்றத்தைச் செய்தவனைத் தலைவர் மன்னித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இருநூறு ஆண்டு வரலாறு இருவருக்கும் சான்று தருகிறது. சாராய வரிக் கலகத்தில் தூக்குத் தண்டனை பெற்ற இருவரை வாஷிங்டன் 1795இல் மன்னித்தார். ஹாமில்டன் நினைத்திருந்த கருணை அதுதான். ஆனால் 2001 ஜனவரியில் பதவியின் கடைசி நாளில் கிளிண்டன், வரி வழக்கில் நாட்டைவிட்டு ஓடிய மார்க் ரிச்சை மன்னித்தார். ரிச்சின் முன்னாள் மனைவி அவருடைய கட்சிக்குப் பெரும் நன்கொடையாளர். 2024 டிசம்பரில் பைடன் தன் மகனையே மன்னித்தார். 2025 ஜனவரியில் டிரம்ப், தன் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த வழக்கில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு அளித்தார். இரு கட்சியும் செய்தன. டென்னசி மாநிலத்தில் இன்னும் மோசம்: 1979 ஜனவரியில் பதவி முடியப்போகும் ஆளுநர் பிளாண்டன் ஒரே நாளில் 52 கைதிகளுக்குச் சலுகை கொடுத்தார், அவர்களில் கொலைக் குற்றவாளிகளும் உண்டு. மீதமிருப்பவர்களையும் விட்டுவிடுவாரோ என்ற அச்சத்தில், அடுத்த ஆளுநருக்கு மூன்று நாள் முன்பாகவே பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்கள்.

தனி மனிதரின் மனச்சாட்சியை நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த மனச்சாட்சி விழித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் சாளரம் இந்த ஏற்பாட்டில் இல்லை. இதை நான் ஏற்கவில்லை.

அடுத்தது இப்போது நம்மிடம் உள்ள முறை. 72, 161 ஆகிய பிரிவுகள் குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் பெயரளவில் குறிப்பிட்டாலும், அவர்கள் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அரசர் போய், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சரவை வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அமைச்சரவை என்பது ஆளும் கட்சி. 2005இல் ஆந்திர ஆளுநர், கைதி ஒருவரின் தண்டனையைக் குறைத்த கோப்பில், அவர் நல்ல காங்கிரஸ் ஊழியர் என்ற குறிப்பு ஒரு தகுதியாகவே இடம்பெற்றிருந்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, சாதி, மதம், கட்சி விசுவாசம் ஆகியவை கருணைக்குக் காரணமாக முடியாது என்றது. குஜராத்தில், 2002 கலவரத்தின்போது நடந்த கூட்டு வன்புணர்வு, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கின் பதினொரு குற்றவாளிகள் 2022 சுதந்திர நாளில் வெளியே வந்தார்கள். விசாரணை மும்பையில் நடந்ததால் அந்த அதிகாரம் குஜராத் அரசுக்கு இல்லவே இல்லை என்று 2024 ஜனவரியில் தீர்ப்பாகி, அவர்கள் சிறைக்குத் திரும்பினார்கள். ஆக, இந்த முறையில் நீதிமன்றம் பின்னாலிருந்து கையைப் பிடிக்கிறது. ஆனால் கைதி வீட்டுக்குப் போன பிறகுதான் பிடிக்கிறது.

நம் மாநிலத்தில் 2018ஆம் ஆண்டின் இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். செப்டம்பரில், ராஜீவ் காந்தி கொலை வழக்கின் ஏழு பேரை விடுவிக்கலாம் என்று அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, 2021இல் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அப்படி அனுப்ப இடமில்லை, அமைச்சரவையின் அறிவுரை அவரைக் கட்டும் என்று சொல்லி, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவிக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்ப் பேருந்து வழக்கின் கோப்பையும் அதே ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி வலியுறுத்தியதும் அந்த நவம்பரிலேயே கையெழுத்திட்டார். ஒரே ஆளுநர், ஒரே அமைச்சரவை, ஒரே சட்டப் பிரிவு. ஒரு கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கியது, இன்னொன்று உடனே நகர்ந்தது. பேருந்து வழக்கு விடுதலைக்கான விளக்கத்தை ஆளுநர் மாளிகை வெளியிட்டது, ஆனால் அவர்கள் வெளியே வந்த பிறகு. காரணம் முன்னால் வரவேண்டியது. பின்னால் வந்தால் அது சமாதானம்.

இதைச் சொல்லும்போது ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டித் தி.மு.க. அரசு, ஏழு ஆண்டு சிறையில் கழித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விடுவித்தது. மதுரை மாமன்ற உறுப்பினர் லீலாவதி கொலையில் தண்டனை பெற்றவர்களும் அதில் வெளியே வந்தார்கள். தலைவர்களின் பிறந்தநாள் என்ற பெரிய வாசலைத் திறந்துவிட்டால், கட்டாயம் வெளியே வரவேண்டிய ஏழையும் வருகிறார், கட்சிக்கு வேண்டியவரும் கூட்டத்தோடு கூட்டமாக வருகிறார்.

ஆனால் அந்த ஏழையைப் பற்றி எங்கள் வட்டத்து வழக்கறிஞர் சொன்னதை நான் இங்கே முழுதாக வைக்க வேண்டும். “டீச்சர், நூற்றாண்டு விடுதலையை நிறுத்திவிட்டால் யாருக்கு நட்டம் தெரியுமா? சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்கு. பத்து வருடம் ஆனவர்கள் எல்லோரும் வரலாம் என்றால் எம்.எல்.ஏ. வீட்டுக்கு யாரும் நடக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்பாகப் பார்ப்போம் என்றால் மறுபடியும் ஆள் தெரிந்தவன் கோப்புதான் மேலே வரும்.” இந்தப் பேச்சு என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு தாய் என்னிடம் மனு எழுதிக்கொள்ள வருவார். மகன் சேலம் மத்திய சிறையில் ஆயுள் கைதி. எத்தனை ஆண்டு கழிந்தால் மனுப் போடலாம், யாருக்குப் போடுவது, போட்ட மனு எங்கே நிற்கிறது என்று ஓர் அலுவலகமும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய பையில் பழைய மனுக்களின் நகல்கள் மட்டும் பத்திரமாக இருக்கும். கருணை அதிகாரம் தவறாக நடப்பது என்றால், வேண்டியவரை விடுவிப்பது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். யாருமற்றவரின் மனுவைத் திறந்தே பார்க்காமல் இருப்பதும் அதன் இன்னொரு முகம்.

வழக்கறிஞரின் வாதத்துக்கு ஒரு பதில் நீதிமன்றத்திலிருந்தே கிடைத்தது. தண்டனைக் குறைப்பை விழாக்காலக் கொடையாக மொத்தமாக வழங்கக் கூடாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று 2012இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழி அப்படிக் குறுகியதால், 2018இல் அரசு 161ஆம் பிரிவின் வழியே போனது. 2025 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி பெற்ற கைதி மனுப் போடட்டும் என்று அரசு காத்திருக்கக் கூடாது; அரசே அவர் கோப்பை எடுக்க வேண்டும்; கொடுத்தாலும் மறுத்தாலும் சுருக்கமாகவாவது காரணம் எழுதிக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். பென்னாகரத்துத் தாய்க்கு வேண்டியது இதுதான். எல்லோருடைய கோப்பும் தானாக மேசைக்கு வந்துவிட்டால், பிறந்தநாளும் தேவையில்லை, சிபாரிசும் தேவையில்லை.

கடைசி யோசனை, சட்டக் கல்லூரி மாணவியர் மூவரும் ஆசையோடு கொண்டுவந்தது: அரசியலிலிருந்து பிரிந்த தனி வாரியம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஆளுநர்கள் மன்னிப்பை விற்கிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு, 1943இல் அந்த அதிகாரத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி ஒரு வாரியத்திடம் கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஜார்ஜியாவில் 2011 செப்டம்பரில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற டிராய் டேவிஸ் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமான ஒன்பது பேரில் ஏழு பேர் தங்கள் வாக்குமூலத்திலிருந்து முழுதாகவோ பகுதியாகவோ பின்வாங்கிய பிறகும், வாரியம் கருணையை மறுத்தது. பலர் சேர்ந்தால் மனம் இறுகும் என்று ஹாமில்டன் அஞ்சியது இதைத்தானோ என்று தோன்றியது. ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் பாரம் யார் தோளிலும் அழுத்தாது. இங்கிலாந்தில் 1997இல் பணி தொடங்கிய மறு ஆய்வு ஆணையம் வேறு விதம். அது மன்னிப்பதில்லை; தவறாகத் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றும் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. பென்ட்லி வழக்கும் அதன் வழியேதான் போனது. அப்படி ஒன்று நமக்கும் வேண்டும். ஆனால் அது கருணைக்கு மாற்று ஆகாது. குற்றம் செய்து, திருந்தி, மூப்படைந்த கைதிக்கு அங்கே வழி இல்லை.

நடைமுறைக் கணக்கும் ஒன்று உண்டு. 161ஆம் பிரிவின் அதிகாரத்தை வாரியத்துக்கு மாற்ற, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மையோடு அரசமைப்பைத் திருத்த வேண்டும். பாலக்கோட்டிலோ அரூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ சட்டமன்றத்துக்கு நிற்பவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் தன் கைகளைத் தானே கட்டிக்கொள்ளும் ஓர் அரசாணையை மாநில அமைச்சரவை நாளைக்கே போடலாம்.

அதனால் நான் முன்வைப்பது, இப்போதைய முறையை வைத்துக்கொண்டு அதற்குக் கரை கட்டுவது. முடிவு அமைச்சரவையிடமே இருக்கட்டும். தோற்கடிக்க வாக்காளருக்கு ஒரு முகமாவது தெரியும். ஆனால் எந்தக் கோப்பும் பணியிலுள்ள மாவட்ட நீதிபதி ஒருவர் இருக்கும் குழுவைத் தாண்டாமல் மேலே போகக் கூடாது. தண்டித்த நீதிமன்றத்தின் கருத்தும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் அதில் இருக்க வேண்டும். விடுதலை ஆணை, காரணங்களோடு, கைதி வெளியே வருவதற்கு முப்பது நாள் முன்பே அரசிதழில் வரவேண்டும். எதிர்ப்பவர் நீதிமன்றம் போக அந்த அவகாசம் போதும். அரசும் ஆளுநரும் எத்தனை நாளில் பதில் சொல்வது என்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். ஆளுநருக்கான எல்லையை அரசாணை வகுக்க முடியாது என்பதால், அதை ஒரு சட்டமன்றத் தீர்மானமாகக் கேட்கலாம்.

ஒரு நிபந்தனையில் மட்டும் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைதி ஆளும் கட்சிக்காரராகவோ அரசு ஊழியராகவோ இருந்தால், குழு மறுத்ததை அமைச்சரவை மீறக் கூடாது. இதைக் கேட்க எங்கள் மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. 1992 ஜூனில் வாச்சாத்தியில் புகுந்து பதினெட்டுப் பெண்களைச் சீரழித்து, ஊரையே சூறையாடிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள்: வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை. 2011இல், உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டு போராடி அந்த மலைவாழ் மக்கள் பெற்ற தீர்ப்பை, என்றைக்காவது ஏதோ ஒரு நூற்றாண்டு விழாவில் ஒரு கையெழுத்து தொட்டுவிடக் கூடாது. மேசன் கேட்ட கேள்வி, அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்ட பிலடெல்பியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அரூர் வட்டத்துக்கும் உரியது.

மனுவின் வரைவு இந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒரு வரி மட்டும் நிற்கிறது. பாதிக்கப்பட்டவர் குடும்பத்தைக் கேட்ட பிறகே முடிவு என்று நான் எழுதியிருந்தேன். விதைக்கடை நண்பர் அதைத் திருத்தி, குடும்பம் சம்மதித்தால் மட்டுமே என்று ஆக்கச் சொல்கிறார். மாணவியரில் ஒருத்தி உடனே எழுந்து சொன்னாள்: “சம்மதம் கட்டாயம் என்று ஆக்கினால், பணம் உள்ள கைதியின் ஆட்கள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள், ஐயா. மகளை இழந்தவர்களை நாமே மிரட்டலுக்கு ஆளாக்குவோமா?” நண்பர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்த வரியை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடி பேசுகிறோம்.